கோர்ட்டினா 3.0 வி6-இல் ஐந்து கியர் பெட்டி: எந்த கிளட்ச், எந்த ஃப்ளைவீல்?

கேள்வி: சாட்ஸ்வர்த் கோர்ட்டினா

அனைவருக்கும் வணக்கம். என் தகப்பனார் விட்டுச்சென்ற 1981-ஆம் ஆண்டு ஃபோர்டு கோர்ட்டினா ஒன்று என்னிடம் இருக்கிறது. எசெக்ஸ் எனப்படும் மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் வி6 இயந்திரம், நான்கு கியர் பெட்டி. வண்டி நன்றாகவே ஓடுகிறது. ஆனால் இங்கே தென்னாப்பிரிக்காவின் என்3 நெடுஞ்சாலையில் 120 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இயந்திரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,800 சுற்றுகள் சுற்றுவதால், பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய்ச் சேர்வதற்குள் காதும் களைத்துவிடுகிறது, பெட்ரோலும் கரைந்துவிடுகிறது. அதனால் ஐந்து கியர் பெட்டிக்கு மாறிவிடலாம் என்று முடிவு செய்து, உடைப்புக்கு வந்திருந்த ஃபோர்டு சியரா 3.0 ஒன்றிலிருந்து டைப் 9 எனப்படும் ஐந்து கியர் பெட்டியை அதன் பெல் ஹவுசிங்கோடும் (பெட்டியை இயந்திரத்தோடு இணைக்கும் கூடு) ரிலீஸ் ஃபோர்க்கோடும் (கிளட்சை விடுவிக்கும் நெம்புகோல்) வாங்கிவிட்டேன். அந்த வண்டியின் ஃப்ளைவீலையும் (இயந்திரத்தோடு சுழலும் கனமான சக்கரம்) கிளட்சையும் எனக்கு முன்னமே வேறொருவர் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

பழைய பெட்டியை இறக்கிப் பார்த்தபோது, கிளட்ச் பிளேட் ரிவெட் வரை தேய்ந்திருந்தது. ஃப்ளைவீலின் முகத்தில் ஐந்தாறு இடங்களில் நீலம் பாய்ந்திருக்கிறது. விரல் நகத்தை வைத்து இழுத்தால் இலேசாகத் தட்டுப்படும் மெல்லிய கீறல்களும் உள்ளன. இந்த நிலையில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். பழைய ஃப்ளைவீலையே கடைந்து, நான்கு சிலிண்டர் சியராவின் கிளட்சைப் போட்டுக்கொண்டால் மலிவாக முடிந்துவிடும் என்கிறார் ஒருவர். எடை குறைந்த எஃகு ஃப்ளைவீலும், வட்டமாக இல்லாமல் துண்டு துண்டாக இருக்கும் செராமிக் பிளேட்டும் போட்டால் வண்டி அம்பு போலப் பாயும் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர், சியரா 3.0-இன் ஃப்ளைவீல் எங்கேயாவது கிடைக்கும்வரை எதையும் தொடாதே என்கிறார்.

வண்டியைப் பந்தயத்துக்குக் கொண்டுபோகும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நீண்ட ஓட்டம், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் மணமக்களை ஏற்றிச் செல்வது, காவடித் திருவிழாவின்போது தேருக்குப் பின்னால் நடைவேகத்தில் ஊர்வது, இவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் எங்கள் வீடு மேட்டில் இருப்பதால், செங்குத்தான பாதையில் ரிவர்ஸ் எடுத்து ஏற்றித்தான் வண்டியை நிறுத்த வேண்டும். என் மகளும் ஓட்டுவாள் என்பதால் பெடல் கல்லாக இருக்கக் கூடாது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: டோங்காட் பழைய மெக்கானிக்

தம்பி, முதலில் நல்ல செய்தி. நீங்கள் வாங்கியிருக்கும் பெல் ஹவுசிங், பெட்டியைவிட மதிப்புள்ளது. ஐரோப்பாவில் விற்ற வி6 சியராக்களில் இருந்தது கொலோன் என்னும் வேறு வி6 இயந்திரம். எசெக்ஸ் இயந்திரத்தோடு டைப் 9 பெட்டியைத் தொழிற்சாலையிலேயே இணைத்து விற்றது நம் தென்னாப்பிரிக்காவில்தான். வேறு நாட்டில் எசெக்ஸ் வைத்திருப்பவர்கள் அடாப்டர் தட்டு செய்யவோ, பெல் ஹவுசிங்கை வெட்டி ஒட்டவோ படும் பாடு உங்களுக்கு இல்லை.

இப்போது கிளட்சுக்கு வருவோம். கிளட்ச் பிளேட் இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்கிறது. அதன் நடுத்துளை, கியர் பெட்டிக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் இன்புட் ஷாஃப்டுக்குப் பொருந்த வேண்டும். அதன் வெளிவட்டம் ஃப்ளைவீலுக்கும், அதை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் பொருந்த வேண்டும். பெட்டியை மாற்றும்போது பெரும்பாலானோர் இதில் ஒன்றை மறந்துவிட்டுத்தான் கடைக்கும் வீட்டுக்குமாக அலைகிறார்கள். டைப் 9-இன் இன்புட் ஷாஃப்டில் 23 ஸ்ப்ளைன் பற்கள் இருக்கும்; விட்டம் ஓர் அங்குலம். முதலில் உங்கள் பெட்டியில் எண்ணிப் பாருங்கள். ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு எண்ணினால் தவறாது. எண்ணிக்கை ஒத்துப்போனால் மட்டும் போதாது, விட்டமும் பல்லின் வடிவமும் ஒத்துப்போக வேண்டும் என்பதால், புதிய பிளேட்டை வாங்கும்முன் அதை ஷாஃப்டில் நழுவவிட்டுப் பாருங்கள். எண்ணெய் போடாமலே தன் எடையில் வழுக்கிச் செல்ல வேண்டும். அதே சமயம் கையால் திருப்பினால் ஆட்டம் தெரியக் கூடாது. கடைக்காரர் பிளேட் இருக்கும் அட்டைப்பெட்டியைத் திறக்க விடாவிட்டால் வேறு கடைக்குப் போங்கள்.

அடுத்தது அளவு. எசெக்ஸ் மூன்று லிட்டருக்கு வழக்கமாக வந்தது ஒன்பதரை அங்குலம், அதாவது 242 மி.மீ. பிளேட். நான்கு சிலிண்டர் இரண்டு லிட்டர் வண்டிகளில் எட்டரை அங்குலம், ஏறத்தாழ 215 மி.மீ. உங்களுக்கு யோசனை சொன்னவர் இந்தச் சிறியதைப் போடச் சொல்கிறார். ஸ்ப்ளைன் பொருந்தும், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். கிளட்ச் தாங்கும் முறுக்குவிசை என்பது உராய்வுக் கெழு, பிரஷர் பிளேட்டின் அழுத்தம், பிளேட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை ஆகிய நான்கின் பெருக்கல். உங்கள் இயந்திரம் தருவது சுமார் 235 நியூட்டன் மீட்டர். கிளட்சுக்கு எப்போதும் கொஞ்சம் மிச்சம் வேண்டும் என்பதால் 1.3 மடங்கு, அதாவது 305 என்று வைத்துக்கொள்வோம். பிளேட்டின் முகத்தில் ஒட்டியிருக்கும் சாதாரண லைனிங்கின் உராய்வுக் கெழு 0.3, முகங்கள் இரண்டு. 242 மி.மீ. பிளேட்டின் சராசரி ஆரம் சுமார் 100 மி.மீ. என்றால், தேவைப்படும் அழுத்தம் ஏறத்தாழ 5,080 நியூட்டன், நம் பேச்சில் 520 கிலோ. 215 மி.மீ. பிளேட்டில் சராசரி ஆரம் 90-க்கு இறங்கிவிடுவதால் அதே வேலைக்கு 575 கிலோவுக்கு மேல் வேண்டும். ஆக, சிறிய கிளட்சில் சாதாரண ஸ்பிரிங் போட்டால் ஏற்றத்தில் வழுக்கும். கெட்டியான ஸ்பிரிங் போட்டால் பெடல் கல்லாகும். உங்கள் மகள் ஓட்டுகிறாள் என்றீர்களே, அதற்கு விடை இங்கேயே இருக்கிறது: பெரிய பிளேட், மிதமான அழுத்தம்.

செராமிக் பிளேட்டைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிடுகிறேன். அது பிடித்தால் பிடிக்கும், விட்டால் விடும்; இரண்டுக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு நகர்வது அதற்குத் தெரியாது. தேருக்குப் பின்னால் ஊரும் வண்டிக்கு அதைப் போட்டால், பின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் மணமகளின் தலை முன் இருக்கையில் மோதும்.

ஃப்ளைவீல் விஷயத்தில் மூன்றாமவர் சொன்னதில் பாதி சரி. சியரா 3.0-இன் ஃப்ளைவீல், அதன் கிளட்ச் செட், அதன் ஸ்டார்ட்டர், எல்லாம் ஒரே குடும்பமாகக் கிடைத்தால் பொருத்தம் பற்றிய கேள்வியே எழாது. கிடைக்காவிட்டால் உங்கள் கோர்ட்டினாவின் ஃப்ளைவீலே போதும், அது ஏறும் கிராங்க் (இயந்திரத்தின் சுழல்தண்டு) அதே எசெக்ஸ் கிராங்க்தானே. அந்த வழியில் போனால் மூன்று விஷயங்களை அளந்து பார்க்க வேண்டும்: ஃப்ளைவீலின் விளிம்பில் உள்ள ரிங் கியரின் பற்களும் ஸ்டார்ட்டரின் சிறு பல்சக்கரமான பினியனும் சேர்கின்றனவா, பிரஷர் பிளேட்டைத் தாங்கும் புதிய கவர் ஃப்ளைவீலின் போல்ட் துளைகளுக்கும், இடம் பிசகாமல் பிடிக்கும் டவல் பின்களுக்கும் உட்காருகிறதா, ஃபோர்க் தன் நடுநிலையில் நிற்கும்போது அது தள்ளும் ரிலீஸ் பேரிங், கவரில் உள்ள டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்களை எட்டுகிறதா என்பவை. சியராவின் கேபிள் தானாகவே தளர்வை எடுத்துக்கொள்ளும் வகை. அந்த அமைப்பில் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் விரல்களைத் தொட்டுக்கொண்டே சுற்றும். ஆகவே பெடலில் தளர்வு விட்டு ஓட்டுவதற்காகச் செய்த பழைய வகைப் பேரிங்கை அதனோடு கலக்காதீர்கள். சில மாதங்களிலேயே கத்த ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று. வி6-க்கு வந்த டைப் 9-இல் முதல் கியர் 3.36, நான்கு சிலிண்டருக்கு வந்ததில் 3.65. இன்புட் ஷாஃப்டின் நீளமும் இரண்டுக்கும் வேறு. உடைப்பு இடங்களில் பெட்டிகள் கலந்துபோவது சாதாரணம். நியூட்ரலில் அல்லாமல் முதல் கியரில் போட்டு, பின் ஷாஃப்ட் ஒரு முழுச் சுற்று சுற்றும்வரை இன்புட் ஷாஃப்டைத் திருப்பி, எத்தனை சுற்று ஆகிறது என்று பாருங்கள். மூன்று சுற்றுக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு என்றால் வி6 பெட்டி. மூன்றில் இரண்டு பங்கு என்றால் ஏமாந்துவிட்டீர்கள்.

பதில் 2: மாரிட்ஸ்பர்க் வி6

டோங்காட் அண்ணன் சொன்னவற்றோடு எனக்கு ஏறக்குறைய முழு உடன்பாடு. எடை குறைந்த ஃப்ளைவீலைப் பற்றி அவர் எதுவும் சொல்லாமல் தாண்டிவிட்டதால் அதை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அந்தத் தவற்றை நான் கைக்காசு போட்டுச் செய்து பார்த்திருக்கிறேன்.

சிறுவனாக இருந்தபோது என் மாமா தோளில் தூக்கிக்கொண்டு போய் ராய் ஹெஸ்கெத் ஓடுதளத்தில் பந்தயம் காட்டியிருக்கிறார். 1981-இல் அந்த ஓடுதளம் மூடப்பட்டது. ஆசை மட்டும் மூடப்படவில்லை. பல வருடங்கள் கழித்து என் சொந்த எசெக்ஸ் வண்டிக்கு ஃப்ளைவீலின் எடையைக் குறைக்க வேண்டும் என்று ஒரு பட்டறையில் கொடுத்தேன். மூன்று கிலோவுக்கு மேல் கடைந்து கொடுத்தார்கள்.

அதனால் கிடைத்தது என்னவென்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உங்கள் வண்டி நான்காவது கியரில் 120-க்கு 3,800 சுற்று என்றால் பின் அச்சில் உள்ள டிஃப்பின் விகிதம் 3.5-ஐ ஒட்டி இருக்கும். டயரின் ஆரம் 29 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து 10 செ.மீ. தூரத்தில் மூன்று கிலோவை எடுத்தால், முதல் கியரில் அது வண்டியின் எடையில் சுமார் 50 கிலோ குறைந்ததற்குச் சமம். ஒல்லியான ஆள் ஒருவர் இறங்கிக்கொண்டது போல. ஐந்தாவது கியரில் அதே மூன்று கிலோ வெறும் மூன்று கிலோதான். விகிதத்தின் வர்க்கத்தில் கணக்கு ஓடுவதால் வரும் வித்தியாசம் இது. அதே மூன்று கிலோவை 14 செ.மீ. தூரத்தில், அதாவது விளிம்புக்கு அருகில் எடுத்திருந்தால் பலன் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருக்கும். என் பட்டறைக்காரர் எளிதாக இருந்த இடத்தில், உராயும் முகத்துக்கு நேர் பின்புறத்தில் எடுத்துவிட்டார். எடுக்கக் கூடாத இடம் அதுதான். கிளட்ச் வழுக்கும்போது எழும் சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டிய இரும்பு அங்கேதான் இருக்க வேண்டும். வார்ப்பிரும்பு நசுக்கினால் தாங்கும்; இழுத்தால் தாங்காது. சுற்றும் வேகம் இரட்டிப்பானால் உள்ளே இழுவிசை நான்கு மடங்காகும். இரண்டு வருடம் கழித்து வேறு காரணத்துக்காகப் பெட்டியை இறக்கியபோது, போல்ட் துளையிலிருந்து வெளிநோக்கி ஓடிய ஒரு விரிசலைக் கண்டேன். அது ஓடும்போது சிதறியிருந்தால் பெல் ஹவுசிங்கையும் தரைத்தகட்டையும் என் காலையும் கேட்காமலே கடந்து போயிருக்கும். அன்றிலிருந்து பழைய வார்ப்பிரும்பைக் கடைந்து எடை குறைக்கும் பேச்சையே நான் எடுப்பதில்லை. குறைத்தே தீர வேண்டும் என்பவர்கள் அதற்கென்றே செய்த எஃகு ஃப்ளைவீலை வாங்கட்டும்.

விரிசல் வராமலே இருந்திருந்தாலும், தெருவில் ஓட்டுவதற்கு அது எனக்குப் பிடிக்கவில்லை. ரோபோட்டில் (போக்குவரத்து விளக்கில்) நின்று பச்சை விழுந்ததும் கிளட்சை விட்டால், முன்பு இயந்திரம் தன் சுழற்சியில் சேர்த்து வைத்திருந்த சக்தியால் வண்டி தானாக நகரும். இப்போது ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக மிதித்துக்கொண்டு கிளட்சை வழுக்கவிட வேண்டியிருந்தது. டவுன் ஹில் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று போகும் நாளில் கிளட்ச் வாடை உள்ளே வந்துவிடும். மேட்டில் ரிவர்ஸ் ஏற்றும் உங்களுக்கு அந்த வாடை தினமும் வரும். கனமான ஃப்ளைவீல் உங்கள் எதிரி அல்ல, ஏற்றத்தில் கை கொடுக்கும் துணை. அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் டோங்காட் அண்ணனோடு மாறுபடுகிறேன். 1.3 மடங்கு மிச்சம் என்பது சரிதான், ஆனால் இயந்திரத்தைப் பின்னால் எப்போதாவது பலப்படுத்துவீர்கள் என்ற எண்ணத்தில் அதற்கும் மேலே போகாதீர்கள். டைப் 9 என்பது நான்கு கியர் பெட்டியின் பின்பக்க நீட்டிப்பில் ஐந்தாவதைச் சேர்த்துச் செய்தது. எசெக்ஸின் இழுவைக்கு அது அவ்வளவு முரட்டுப் பெட்டி அல்ல. கிளட்ச் கொஞ்சம் வழுக்கிக் கொடுத்தால் பெட்டி பிழைக்கும். கிளட்ச் விட்டே கொடுக்காவிட்டால் அந்த அடி பற்களுக்குப் போகும். கிளட்ச் பிளேட் மலிவு, கியர் மலிவல்ல.

கேள்வி கேட்டவர்: சாட்ஸ்வர்த் கோர்ட்டினா

இருவருக்கும் நன்றி, அண்ணா. நேற்று மாலை எண்ணிப் பார்த்தேன். ஸ்ப்ளைன் 23. முதல் கியரில் திருப்பியபோது மூன்று சுற்றும் மூன்றில் ஒரு பங்கும் கொஞ்சம் கூடுதலாகவும் வந்தது. ஆகவே வி6 பெட்டிதான், ஏமாறவில்லை. செராமிக்கும் எடைக்குறைப்பும் என் பட்டியலிலிருந்து போய்விட்டன. 242 மி.மீ. செட் ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறேன். சியராவின் ஃப்ளைவீல் கிடைக்கவில்லை.

எனக்கு இப்போது மிஞ்சியிருப்பவை இரண்டு ஐயங்கள். நீலம் பாய்ந்து கீறல் விழுந்திருக்கும் என் ஃப்ளைவீலைக் கடைந்து காப்பாற்ற முடியுமா, அல்லது தூக்கி எறிய வேண்டியதுதானா? மேலும், பெட்டியின் இன்புட் ஷாஃப்டின் முனை கிராங்கின் பின்முனையில் உள்ள சிறிய பேரிங்கில் சரியான ஆழத்துக்கு நுழைகிறதா, அல்லது அடியில் போய் இடிக்கிறதா என்பதை எல்லாவற்றையும் பூட்டும் முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில் 3: ஃபீனிக்ஸ் லேத் பட்டறை

இரண்டாவது ஐயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு வேண்டிய கருவி உங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கிறது. ரொட்டிக்குப் பிசைந்த மாவில் கோலிக்குண்டு அளவு எடுத்து, கிராங்கின் துளையில் பேரிங்குக்கு அப்பால் அடியில் ஒட்டுங்கள். கிளட்ச் பிளேட்டோ கவரோ இல்லாமல், பெல் ஹவுசிங்கோடு பெட்டியை ஏற்றி நான்கு போல்ட்டில் கையால் இறுக்கிப் பிறகு கழற்றுங்கள். மாவில் ஷாஃப்ட் முனையின் அச்சு விழுந்திருக்கும். அடியில் மிச்சமிருக்கும் மாவின் தடிப்பு மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் இடிக்கவில்லை என்று பொருள். ஷாஃப்டின் முனையில் முன்னதாக மார்க்கர் மை பூசி வைத்தால், பேரிங் எவ்வளவு நீளத்துக்கு அதைப் பிடிக்கிறது என்பதும் தெரிந்துவிடும். பேரிங்கின் முழு அகலமும் ஷாஃப்டின் மேல் உட்கார வேண்டும். உப்புப் போடாத மாவாக இருக்கட்டும், துருப்பிடிக்கும். வீட்டில் திட்டு வாங்கினால் நான் பொறுப்பல்ல. அந்தச் சிறிய பேரிங்கைப் பழையது நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். புதிய பெட்டியின் முனைக்கு ஏற்ற உள்விட்டம் உள்ளதைப் புதிதாகவே போடுங்கள். பெட்டியை மீண்டும் இறக்கும் உழைப்போடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

இனி ஃப்ளைவீல். கீறல்களில் இரண்டு சாதி உண்டு. உராயும் முகத்தில் சிலந்தி வலை போலப் பரவியிருக்கும் மெல்லிய கோடுகள் சூட்டால் வந்தவை. பெரும்பாலும் ஆழம் குறைவு, சாணை பிடித்தால் போய்விடும். போல்ட் துளையிலிருந்தோ விளிம்பிலிருந்தோ ஓடும் கீறல் ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்தச் சக்கரம் பழைய இரும்புக் கடைக்குத்தான் போக வேண்டும். மாரிட்ஸ்பர்க் ஐயா சொன்னது அந்த இரண்டாம் சாதி. கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஊடுருவும் சாயத்தைப் பூசித் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி தெளித்தால் கீறல் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.

நீலத் திட்டுகள் வேறு கதை. அந்த இடங்களில் வார்ப்பிரும்பு சூடேறிச் சட்டென்று ஆறியதால் கண்ணாடி போல இறுகியிருக்கும். சாதாரண லேத்தில் கடைந்தால், கத்தி அந்தத் திட்டின் மேல் வரும்போது கொஞ்சம் எகிறித் தாண்டிவிடும். அவ்விடம் மயிரிழை மேடாக நிற்கும். கண்ணுக்குப் பளபளவென்று இருக்கும், வண்டியில் பூட்டியதும் கிளட்சை விடும்போதெல்லாம் அதிரும். பட்டறை நடத்தும் நானே சொல்கிறேன்: ஃப்ளைவீல் முகத்தை லேத்தில் முடிக்கக் கூடாது, சாணைச் சக்கரத்தில்தான் முடிக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் எடுத்த பிறகும் திட்டின் நிறம் போகாவிட்டால் அது ஆழமாகப் போயிருக்கிறது. இன்னும் கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாம். அதற்கு மேலும் போகாவிட்டால், இன்று சமமாக இருந்தாலும் நாளைச் சூட்டில் மீண்டும் மேடாகும்.

முகத்தை எடுக்கும்போது உங்கள் ஃப்ளைவீலில் கவர் உட்காரும் இடமும் உராயும் இடமும் ஒரே மட்டமா, படி வைத்ததா என்று பாருங்கள். படி இருந்தால் இரண்டு மட்டத்திலிருந்தும் ஒரே அளவு எடுக்க வேண்டும். உராயும் முகத்தில் மட்டும் எடுத்தால் பிரஷர் பிளேட்டின் அழுத்தம் குறைந்துவிடும், டோங்காட் அண்ணன் போட்ட அழகான கணக்கு அங்கேயே பொய்த்துவிடும். இதைக் கேட்டு எழுதி வாங்காமல் ஃப்ளைவீலை எந்தப் பட்டறையிலும் விட்டுவராதீர்கள்.

கழற்றும் முன்பு ஃப்ளைவீலுக்கும் கிராங்குக்கும் சேர்ந்தாற்போல ஒரு குறி அடித்துக்கொள்ளுங்கள், கழற்றிய நிலையிலேயே திரும்ப ஏறட்டும். சாணை பிடித்த பிறகு கவரோடு சேர்த்துப் பேலன்ஸ் பார்ப்பது நல்லது. வேறு ஃப்ளைவீல் வாங்க நேர்ந்தால், உங்கள் பழையதையும் கூடவே கொடுத்து, அதற்கு ஒப்பாகப் புதியதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். வி6-இல் இதை ஊகத்துக்கு விடக் கூடாது. ரிங் கியரின் பற்கள் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் இதுவே மாற்றும் நேரம். புதிய வளையத்தை 200 டிகிரியை ஒட்டிச் சூடாக்கினால் தானாகவே விழுந்து உட்காரும். வெல்டிங் டார்ச்சை ஒரே இடத்தில் பிடித்துச் சிவக்கக் காய்ச்சினால் பற்களின் கடினம் போய்விடும். ஸ்டார்ட்டர் அவற்றைச் சோள மணி போல உதிர்த்துவிடும்.

பூட்டும்போது, நுண்ணிய ஆட்டத்தை ஊசியால் காட்டும் டயல் கேஜ் ஒன்றை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். ஃப்ளைவீலின் முகத்தில் வைத்து ஒரு சுற்று சுற்றினால் ஊசி 0.1 மி.மீ.-க்கு மேல் ஆடக் கூடாது. பிறகு கேஜை ஃப்ளைவீலில் பொருத்தி, பெல் ஹவுசிங்கின் நடுத்துளையின் உள்விளிம்பைச் சுற்றி வரச் செய்யுங்கள், அங்கே 0.13 மி.மீ. வரை பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவதைச் செய்பவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. ஆனால் வேறொரு வண்டியிலிருந்து வந்த பெல் ஹவுசிங் என்பதால் உங்களுக்கு அது கட்டாயம். மையம் விலகியிருந்தால் புதிய கிளட்ச் காரணமே தெரியாமல் அதிரும், இன்புட் ஷாஃப்டின் பேரிங் சீக்கிரம் போகும்; எல்லோரும் கிளட்சையே குறை சொல்வார்கள்.

ஃப்ளைவீல் வெளியே இருக்கும்போதே கிராங்கின் பின் சீலை மாற்றிவிடுங்கள். ஒரு சொட்டு எண்ணெய் லைனிங்கில் பட்டால் இவ்வளவு உழைப்பும் வீண். எசெக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எப்போதும் சொல்லும் ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன்: கேம்ஷாஃப்டை ஓட்டும் ஃபைபர் பல்சக்கரமும், எண்ணெய்ப் பம்பைத் திருப்பும் அறுகோணக் கம்பியும் இந்த இயந்திரத்தின் தெரிந்த பலவீனங்கள். இயந்திரத்தையே இறக்குவதாக இருந்தால் அவற்றையும் பார்த்துவிடுங்கள்.

கடைசியாகப் பழைய கிளட்சின் தூசி. நம் நாட்டில் 2008-இல் ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை வந்தது. உங்கள் வண்டியில் அதற்கு முந்தைய லைனிங் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். பெல் ஹவுசிங்கின் உள்ளே ஒட்டியிருக்கும் கறுப்புத் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதாதீர்கள், உலர்ந்த பிரஷாலும் தட்டாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியோடு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பழைய கடைகளில் அட்டைப்பெட்டி பிரிக்காத அந்தக் காலத்துப் பிளேட் கிடைத்தாலும் ஆசைப்பட வேண்டாம்.

பதில் 1-இன் தொடர்ச்சி: டோங்காட் பழைய மெக்கானிக்

ஃபீனிக்ஸ்காரர் சொன்ன மாவு வித்தையை நான் ஐம்பது வருடமாகச் செய்துவருகிறேன், ஆனால் உப்பைப் பற்றி இன்றுதான் யோசித்தேன். தம்பி, ஒரு சிறு குறிப்பு: பிளேட்டில் ஃப்ளைவீல் பக்கம் எது என்று பொறித்திருப்பார்கள். பொறித்திருக்காவிட்டால், ஸ்பிரிங்குகள் புடைத்துக்கொண்டிருக்கும் பக்கம் பெட்டியை நோக்கி இருப்பதுதான் வழக்கம். மாற்றிப் போட்டால் நடுப்பகுதி ஃப்ளைவீல் போல்ட்டுகளில் உரசும். கவர் போல்ட்டுகளை எதிரெதிராக, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்குங்கள். பூட்டிய பிறகு முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஊருக்குள்ளேயே ஓட்டி லைனிங் படிய விடுங்கள். கல்யாண வேலையை அதற்குள் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி கேட்டவர்: சாட்ஸ்வர்த் கோர்ட்டினா

மாவில் நாலரை மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. ஷாஃப்டில் பூசிய மை பேரிங்கின் அகலம் முழுவதும் அழிந்திருக்கிறது. சாயம் பூசிப் பார்த்ததில் போல்ட் துளைகளில் கீறல் எதுவும் தெரியவில்லை, முகத்தில் உள்ளவை வலை போன்றவைதான். என் ஃப்ளைவீலில் படி இல்லை, ஒரே மட்டம். வியாழக்கிழமை காலையில் அதையும் புதிய கவரையும் சாணைக்கும் பேலன்ஸுக்கும் கொண்டுபோகிறேன். டயல் கேஜை மைத்துனர் தருகிறேன் என்றிருக்கிறார். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி ஒரு கல்யாணத்துக்கு வண்டி கேட்டிருந்தார்கள். இந்த முறை வேறு ஏற்பாடு செய்துகொள்ளச் சொல்லிவிட்டேன்.